மூன்று எழுத்துக்குப் பின்னால்

சிறுசேரியில் சிப்காட் வளாகத்துக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு புங்க மரம் நிற்கிறது. அதன் நிழலில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு இளநீர்க்காரர் வந்து வண்டியை நிறுத்துவார். வண்டி என்றால் வண்டி மட்டும் தெரியாது. ஐம்பது அறுபது இளநீர்க் குலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலையும், முன்னால் ஒரு விளக்கும், கீழே இரண்டு சக்கரமும்தான் தெரியும். குலைகளை இறக்கிய பிறகுதான் அது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். என்று அடையாளம் தெரியும். ஒட்டகத்தின் மேலிருந்து மூட்டைகளை இறக்கினால் ஒட்டகம் இளைத்துப் போய் நிற்குமே, அந்த மாதிரி.

ஒரு நாள் அவர் இளநீரைச் சீவிக்கொண்டே, "சார், ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதறவர்னு சொல்றாங்க. இந்த டி.வி.எஸ்.னா என்ன அர்த்தம் சார்? எம் பொண்ணு கேக்குது. டி.வி.ன்னா வீட்ல பாக்கறோமே அது, எஸ்-னா என்னப்பாங்குது" என்றார்.

"அது ஒருத்தர் பேருங்க" என்றேன்.

"பேரா? யாரு, வெள்ளைக்காரரா?"

"இல்லை. திருநெல்வேலிச் சீமைக்காரர். திருக்குறுங்குடி."

அரிவாள் பாதியில் நின்றுவிட்டது. "அட! இருபது வருஷமா ஒரு ஆள் பேரு மேலயா உக்காந்துக்கிட்டிருக்கேன்?" என்று வண்டியை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

அவர் திகைத்தது நியாயம்தான். ஒரு மனிதருடைய பெயர் எல்லோர் வாயிலும் புகுந்து புறப்பட்டு, கடைசியில் அது ஒரு மனிதரின் பெயர் என்பதே மறந்துபோகும்படி ஆகிவிடுவது சாதாரண விஷயமல்ல. கிராமத்தில் எந்தக் கம்பெனியின் மொபெட்டாக இருந்தாலும் 'டி.வி.எஸ்.' என்றுதான் சொல்லுகிறார்கள். மவுண்ட் ரோட்டில் அந்தப் பெயரில் ஒரு பஸ் நிறுத்தமே இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குச் சுந்தரம் ஐயங்காரைத் தெரியும்?

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் 1877-ஆம் வருஷம் மார்ச் மாதம் பிறந்தவர். திருக்குறுங்குடி நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. நம்பி கோயில் கொண்ட ஊர். அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. நம்பாடுவான் என்ற பாணர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், நம்பியைப் பாடப் போகும் வழியில் ஒரு பிரம்மராட்சசனிடம் அகப்பட்டுக்கொண்டார். "பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் என்னைச் சாப்பிடு" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். பாடினார். சொன்னபடியே திரும்பி வந்து நின்றார். அந்த வாக்குத் தவறாமையைக் கண்டு ராட்சசனுக்கே சாபம் நீங்கிற்று என்பது கதை. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் அதை இன்றும் அந்தக் கோயிலில் நாடகமாக நடிக்கிறார்கள். போனவன் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவான் என்பது அந்த ஊர்க் குழந்தைகள் கேட்டு வளர்ந்த கதை. இதை ஏன் சொல்லுகிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

சுந்தரம் ஐயங்கார் ரயில்வேயிலும், பிறகு ஒரு பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு பிராமணப் பிள்ளைக்கு ரயில்வேயும் பாங்கியும் கிடைத்தால் அதற்கு மேல் ஆசைப்பட என்ன இருக்கிறது? மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் மனிதர் அதை உதறிவிட்டு, மோட்டார் தொழிலில் இறங்கினார். 1911-இல் கம்பெனி தொடங்கிற்று. அதைத் தொடர்ந்து மதுரையில் பஸ் ஓடத் தொடங்கிற்று. மாட்டு வண்டியும் ஜட்காவும் போய்க்கொண்டிருந்த ரஸ்தாவில் பெட்ரோல் வண்டியை விடுவது என்றால் அன்றைக்கு அது சாகசம்தான். பழுது பார்க்கக் கொல்லன் பட்டறையைத் தவிர வேறு இடம் கிடையாது. மாடுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் ரஸ்தா முழுவதும் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பினார் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டதாகவும் சொல்லுவார்கள். இப்படிப்பட்ட கதைகளில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது இருக்கும். இருந்தாலும் ஜனங்கள் எல்லோரைப் பற்றியும் இப்படிக் கூட்டிச் சொல்லுவதில்லையே! சொன்ன நேரத்துக்கு வருகிறவனைப் பற்றித்தான் சொல்லுகிறார்கள். நம்பாடுவான் கதைக்குத் திருக்குறுங்குடிக்காரர் மதுரை ரஸ்தாவில் ஒரு புதுப் பாடம் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது மகாயுத்தத்தின் போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டுகிற கலம் ஒன்றை அவருடைய பட்டறை தயாரித்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய அண்டாவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். 'கரி பஸ்' என்பார்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலும் அப்போது வந்து சேர்ந்தது. பஸ் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு எந்தத் தத்துவமும் அதில் இல்லை.

கம்பெனியின் பெயர்ப் பலகையில் 'டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ்' என்று எழுதியிருந்தது. 'அண்டு சன்ஸ்' - அதாவது, பிள்ளைகளும். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொழிலுக்குள் வந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழாமல் போகாது: பெண்கள்?

ஒரு பெண் இருந்தாள். சௌந்தரம் என்று பெயர், 1904-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணமாயிற்று. டாக்டராக இருந்த கணவர் பிளேக் நோயில் போய்விட்டார். இருபது வயதை ஒட்டி விதவை. அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் அதற்கு மேல் அவருக்கு என்ன வாழ்க்கை மிச்சமிருந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் படித்தார். டில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் டாக்டரானார். அதுவரைக்கும் குடும்பம் துணை நின்றது. அதற்குப் பிறகு, காந்தியத் தொண்டரான ஜி. ராமச்சந்திரனை அவர் மணக்க விரும்பியபோது, பெற்றோருக்குச் சம்மதமில்லை. விதவா விவாகம், ஜாதியும் வேறு. 1940-இல் காந்தி முன்னின்று அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தார். 1947-இல் அந்தத் தம்பதி திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம் 1962-இல் லோக்சபைக்குப் போய், மத்திய சர்க்காரில் கல்வித் துணை மந்திரியாகவும் ஆனார்.

பஸ் விட்ட வீட்டில் பிறந்த பெண், பஸ் போகாத கிராமங்களுக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோனாள். பெயர்ப் பலகையில் இடமில்லாத ஒருத்தியும் அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் சேர்ந்தவள்தான். அதனால்தான் இதை இங்கே எழுதினேன்.

1955 ஏப்ரலில் பெரியவர் காலமானார். பிள்ளைகள் காலத்தில் குடும்பம் மதுரையிலிருந்து சென்னைக்கும் கிளை பரப்பியது. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். சக்கரம் ஒருவர், பிரேக் ஒருவர், மின்சாரச் சாமான் ஒருவர். ஒரு மோட்டாரைப் பிரித்துப் பாகம் போட்டுக்கொண்டது போல் இருந்தது. சீமைக் கம்பெனிகளிடமிருந்து தொழில் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டு இங்கே செய்தார்கள். ஆனால் பாகங்கள்தான் செய்தார்களே தவிர, 'இது எங்கள் வண்டி' என்று காட்ட ஒரு முழு வண்டி கிடையாது.

1972-இல் ஒரு பெரிய அடி விழுந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் பெரிய பஸ் கம்பெனிகளைத் தேசியமயமாக்கிற்று. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. அது பொது ஜனங்களுக்கு நல்லதா, இல்லையா என்று வாதம் செய்ய இது இடமல்ல. சர்க்கார் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் போனது என்பதும் உண்மை. ஆனால் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால், தாத்தா பாங்கி வேலையை விட்டு எதைத் தொடங்கினாரோ அது கையை விட்டுப் போய்விட்டது. ஆறு தலைமுறையாக உழுத நிலம் போன குடியானவன் நிலைமைதான். இருக்கிற பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரியவரின் மகன் டி. எஸ். சீனிவாசன் சும்மா இருக்கவில்லை. சுந்தரம் கிளேட்டன் அவர் பொறுப்பில் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஹோசூரில் ஒரு தொழிற்சாலைக்கு அடி போட்டார்கள். 1980-இல் அதிலிருந்து வெளிவந்த வண்டிதான் டி.வி.எஸ். 50.

அந்த வண்டியின் அருமை தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்தின் நிலைமை தெரிய வேண்டும். ஸ்கூட்டர் வாங்கப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளைக்காகப் பதிவு செய்தால், பேரன் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்று வேடிக்கையாகச் சொல்லுவார்கள். மோட்டார் சைக்கிள் அதைவிட விலை. மிச்சமிருந்தது மொபெட். இத்தாலியின் பியாஜியோ கம்பெனியின் மொபெட்டை ஒட்டிச் செய்த 'லூனா' 1972 முதல் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் துணையோடு திருப்பதியில் செய்த 'சுவேகா'வும் இருந்தது. அவை ஒரு ஆள் போகிற வண்டிகள். ஹோசூர்க்காரர்கள் செய்த காரியம், பார்ப்பதற்குச் சின்னக் காரியம்: பின்னால் இன்னொருவர் உட்காரும்படி வண்டியைச் செய்தார்கள். இந்தியாவில் இரண்டு பேர் போகிற முதல் மொபெட் அதுதான்.

இரண்டாவது ஆசனம் என்றால் என்ன? பின்னால் மனைவி. முன்னால் நிற்க ஒரு குழந்தை. மனைவி மடியில் இன்னொரு குழந்தை. இரண்டு பேருக்கென்று சட்டம் சொன்ன இடத்தில் நாலு பேர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் வண்டி வாங்கின வீடுகளில் எல்லாம் இதுதான் காட்சி. வண்டியை ஓட்டியவர் ஒரு மனிதர் அல்ல, ஒரு குடும்பம். ஒரு ஆள் போகிற வண்டி உத்தியோகத்துக்கு உதவும். இரண்டு பேர் போகிற வண்டி ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, மாமியார் வீட்டுக்கு உதவும். சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே, பஸ்ஸுக்குக் காத்து நின்ற லட்சக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. பஸ்ஸை இழந்த குடும்பம் அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களை மறக்கவில்லை என்று சொல்லலாம்.

இந்தச் சின்ன யந்திரத்தை நினைக்கும்போது எனக்கு இத்தாலி தேசத்துக் குடும்பம் ஒன்று ஞாபகத்துக்கு வரும். பொலோஞா நகரில் 1926-இல் அந்தோனியோ காவலியேரி டுகாட்டி என்பவரும் அவருடைய மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அவர்களும் 'அண்டு சன்ஸ்'தான். ஆனால் செய்தது ரேடியோச் சாமான்கள். யுத்தத்தில், 1944 அக்டோபரில், விமானங்கள் குண்டு போட்டுத் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. யுத்தம் முடிந்தபோது ஊரில் ஜனங்களுக்குச் சைக்கிளைத் தவிர வேறு கதியில்லை. டூரின் நகரத்தில் ஒருவர் சைக்கிளில் மாட்டுகிற 48 ஸி.ஸி. எஞ்சின் ஒன்றை அமைத்திருந்தார். டுகாட்டி தொழிற்சாலை அதை 1946-இல் செய்ய ஆரம்பித்தது. அதன் சத்தம் குட்டி நாய் குரைப்பது போல் இருந்ததால் 'குச்சோலோ', நாய்க்குட்டி என்று பெயர். 1950-க்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. இன்றைக்கு உலகமெங்கும் பணக்கார வாலிபர்கள் ஏங்குகிற டுகாட்டி மோட்டார் சைக்கிள், அன்றைக்கு ஏழைச் சைக்கிள்காரனின் நாய்க்குட்டியாகப் பிறந்தது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் இல்லை. நாய்க்குட்டி ஓடத் தொடங்கிய ஓரிரு வருஷத்திலேயே கடன் சுமையில் கம்பெனி அவர்கள் கையை விட்டு நழுவி, சர்க்கார் வசமாயிற்று. அப்புறம் 1985-இல் வேறொரு இத்தாலியக் கம்பெனி. 1996-இல் அமெரிக்க முதலீட்டாளர்கள். 2012-இல் ஜெர்மனியின் ஆடி. கை மாறிக்கொண்டே போயிற்று. பெட்ரோல் டாங்கியில் மட்டும் அந்தக் குடும்பத்தின் பெயர் பளபளவென்று மின்னுகிறது. வீடு விற்றுப் போன பிறகும் வாசல் கல்லில் தாத்தாவின் பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி.

ஹோசூர்க் குடும்பத்துக்கும் இந்தக் கதி வந்திருக்கலாம். சீனிவாசனுக்குப் பிறகு அவர் மகன் வேணு சீனிவாசன் 1979-இல் பொறுப்பேற்றபோது முப்பது வயது ஆகவில்லை. 1982-இல் ஜப்பான் சுசூகி கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1984-இல் 100 ஸி.ஸி. மோட்டார் சைக்கிளை வெளியிட்டார்கள். 1990-ஐ ஒட்டித் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் கடும் தகராறு மூண்டு, ஹோசூர் ஆலை மூடிக் கிடந்தது. குடும்பம் என்ற சொல் தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்ட நாட்கள் அவை. முதலாளி குடும்பத்துக்கு அது சோதனை; கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பட்டினி. சரித்திரம் எழுதும்போது முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

2001-இல் சுசூகியோடு உறவு முறிந்தது. 'ஜப்பான்காரன் போய்விட்டான், இனி இவர்களால் என்ன செய்ய முடியும்?' என்று பலர் நினைத்தார்கள். அதே வருஷம், சொந்த எஞ்சினீயர்கள் வரைந்து செய்த 'விக்டர்' மோட்டார் சைக்கிள் வந்தது. அடுத்த வருஷம், தரத்துக்காக ஜப்பான் தேசம் வழங்குகிற டெமிங் பரிசு ஹோசூருக்கு வந்தது. குரு விட்டுப் போன அடுத்த வருஷமே குருவின் ஊரிலிருந்து பட்டம் வந்தது போல.

2020 ஏப்ரலில் நடந்தது இன்னும் விசித்திரம். இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி திவாலாகி நின்றது. 1898-இல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் தொடங்கியது. ஒரு காலத்தில் பந்தய மைதானங்களை ஆண்ட பெயர். டி.வி.எஸ். அதை ஒரு கோடியே அறுபது லட்சம் பவுன் கொடுத்து வாங்கிற்று. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அங்கேயும் ஒரு மனிதரின் பெயர் கை மாறுகிறது. இந்தத் தடவை வாங்குகிற பக்கத்தில் நாம் இருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

2022-இல் பெரிய குடும்பத்தின் கிளைகள் தங்களுக்குள் முறைப்படி பாகம் பிரித்துக்கொண்டன. மோட்டார் சைக்கிள் சீனிவாசன் கிளைக்கு. அதே வருஷம் நாலாவது தலைமுறையைச் சேர்ந்த சுதர்சன் வேணு நிர்வாக இயக்குநர் ஆனார். கோர்ட்டு வாசலில் வருஷக் கணக்கில் நிற்காமல் ஒரு கூட்டுக் குடும்பம் பிரிவது நம் நாட்டில் எவ்வளவு அபூர்வம் என்பதை, பாகப் பிரிவினைக் கதைகள் எழுதிக் காலம் தள்ளுகிற என்னைப் போன்றவர்கள்தான் அறிவார்கள்.

இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்ன மொபெட் சாகவில்லை. பெட்ரோலில் ஓடிய லூனாவும் சுவேகாவும் போய்விட்டன. மற்ற கம்பெனிகள் பெட்ரோல் மொபெட்டை மறந்து நாளாயிற்று. 50 என்பது எக்ஸ்.எல். ஆகி, 2015-இல் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 ஆயிற்று. முன்னால் கால் வைக்கிற தட்டையான இடத்தில் சிலிண்டர், பால் கேன், உர மூட்டை, மீன் கூடை, பூக்கூடை எல்லாம் ஏறுகின்றன. குடும்பத்துக்காகப் பிறந்த வண்டி, இப்போது குடும்பத்தைக் காப்பாற்றுகிற தொழிலுக்கு மூலதனமாகிவிட்டது. எஜமானர்கள் நார்ட்டனை வாங்கலாம். ஆனால் அந்த மூன்று எழுத்துக்கு உண்மையான மரியாதை மீன்காரம்மாவும் பால்காரரும் விடியற்காலை நாலு மணிக்கு உதைத்தவுடன் வண்டி கிளம்புகிறதே, அதில்தான் இருக்கிறது. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரியவர் மதுரை ரஸ்தாவில் கொடுத்த வாக்கு அதுதானே?

ஒரு குடும்பத்தின் பெயர் எப்போது நிலைக்கிறது? பங்குகள் கையில் இருக்கும்வரை என்று கணக்கர்கள் சொல்லுவார்கள். டுகாட்டிக் குடும்பத்தைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லக்கூடும். முன்பின் தெரியாத வேறு குடும்பங்கள் அந்தப் பெயரை நம்பிக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்வரை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் நாலைந்து தவணையாக, இளநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவரிடம் சொன்னேன். கரி பஸ்ஸையும், காந்த வண்டியையும், நம்பாடுவானையும் மிகவும் ரசித்தார். சௌந்தரம்மாவைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் போனபோது, "பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் சார். எல்லாம் கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டா. 'அந்தத் தாத்தா பேருல வண்டி இருக்கு. அந்த அம்மா பேருல என்னப்பா இருக்கு?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காந்திகிராமத்துல ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் இருக்காமே, சார் சொன்னாருன்னேன். 'அப்ப என்னைய அங்க ஒரு தடவை கூட்டிட்டுப் போ'ங்கிறா. அம்மாந் தூரம் இந்த வண்டில போக முடியுமா சார்? பஸ்ல தான் போவணும்."

வெட்டிய ஓடுகளைக் கோணியில் அள்ளிக் கட்டி வண்டியில் ஏற்றினார். மணி பதினொன்றரை. கேளம்பாக்கத்தில் பள்ளிக்கூடம் அன்றைக்கு அரை நாளாம். பன்னிரண்டு மணிக்கு வாசலில் நிற்பதாக மகளிடம் சொல்லியிருக்கிறாராம். உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது.